டேட்டா அட்டைக்கு அப்பால்: இணையவழிக் கற்றலுக்கான ஆயத்தநிலையும் மாணவர் ஈடுபாடும்

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா டேட்டா அட்டை வழங்கப்போவதாக அறிவித்தது. அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், கல்வி உதவித்தொகை பெறுவோர் பயிலும் சுயநிதிக் கல்லூரிகள் எனக் கணக்கிட்டு, ஏறத்தாழ 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜி.பி. கொடுப்பது திட்டம். கோவிட் பெருந்தொற்றால் வகுப்புகள் இணையத்துக்கு மாறிப் பல மாதங்கள் கடந்திருந்த நேரம் அது. இலங்கையிலும் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்த 2020இலேயே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழிசெய்திருந்தன.

இந்த உதவிகளின் தேவையை யாரும் மறுக்க முடியாது. 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, இந்தியக் குடும்பங்களில் 10.7 விழுக்காட்டில்தான் கணினி இருந்தது. ஊரகத்தில் அது 4.4 விழுக்காடு. இணைய வசதி இருந்த குடும்பங்கள் 23.8 விழுக்காடு, ஊரகத்தில் 14.9. இப்படிப்பட்ட நாட்டில் வகுப்பை ஒரே வாரத்தில் கைப்பேசித் திரைக்கு மாற்றும்போது, டேட்டாவும் கருவியும் இல்லாதவர் படிப்பையே இழந்துவிடுவார்.

ஆனால் டேட்டா கிடைத்தவர் வகுப்பில் சேர்ந்துவிடுகிறார் என்பது வரைதான் இந்த உதவி செல்லும். சேர்ந்தவர் படிக்கிறாரா, பாடத்தோடு மல்லுக்கட்டுகிறாரா, பாதியில் விலகாமல் இருக்கிறாரா என்பவை தனிக் கேள்விகள். கல்வி ஆய்வாளர்கள் இவற்றை இரண்டு கருத்துகளின் கீழ் ஆராய்கிறார்கள். ஒன்று, இணையவழிக் கற்றலுக்கான ஆயத்தநிலை. மற்றொன்று, மாணவர் ஈடுபாடு. இவை இரண்டுக்கும் உள்ள உறவைச் சரியாகப் புரிந்துகொண்டால், இணையவழிக் கல்வியில் எங்கே பணத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். ஈடுபாட்டைத் தாங்கி நிற்பது கருவியைக் கையாளும் திறமையைவிட, தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்ளும் திறமை என்பதும், அந்தத் திறமையைப் பாடத்தின் அமைப்பாலும் ஆசிரியரின் உழைப்பாலும் வளர்க்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆயத்தநிலையின் ஐந்து கூறுகள்

ஆயத்தநிலை குறித்த முறையான சிந்தனை 1998இல் ஆஸ்திரேலியாவின் தொழிற்கல்வித் துறையில் தொடங்கியது. வார்னர், கிறிஸ்டி, சாய் ஆகியோர் மூன்று கூறுகளை முன்வைத்தார்கள்: நேரடி வகுப்பைவிட வேறு வடிவங்களை மாணவர் விரும்புகிறாரா, மின்னணுத் தொடர்பைப் படிப்புக்குப் பயன்படுத்தும் நம்பிக்கை அவருக்கு இருக்கிறதா, பிறர் துணையின்றித் தானாகப் படிக்க முடிகிறதா. பின்வந்த கருத்தாய்வுகளிலும் இரண்டு இழைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. இணையத்தில் படிப்பதில் உள்ள இயல்பான வசதி ஒன்று. படிப்பைத் தானே மேலாண்மை செய்யும் பழக்கம் மற்றொன்று.

இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் அளவுகோலைத் தைவானில் மின்-லிங் ஹங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்டார்கள். 1051 கல்லூரி மாணவர்களிடம் சோதிக்கப்பட்ட அந்த அளவுகோல் 18 கூற்றுகளைக் கொண்டது. ஐந்து கூறுகளை அளக்கிறது. கணினியையும் இணையத்தையும் கையாள முடியும் என்ற நம்பிக்கை முதலாவது. தன் படிப்பைத் தானே திட்டமிட்டு நடத்துவது இரண்டாவது. கவனம் சிதறாமல் கற்றல் தன் பிடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மூன்றாவது. கற்கும் ஊக்கம் நான்காவது. ஆசிரியரோடும் சக மாணவரோடும் இணையத்தில் பேசவும் கேட்கவும் தயங்காத நம்பிக்கை ஐந்தாவது.

அந்த ஆய்வின் முடிவு இன்றும் பாடமாக நிற்கிறது. கருவியைக் கையாளும் நம்பிக்கை, ஊக்கம், தொடர்புகொள்ளும் நம்பிக்கை ஆகிய மூன்றிலும் மாணவர்கள் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். திட்டமிட்டுப் படிப்பதிலும் கவனத்தைப் பிடித்து வைப்பதிலும் தாழ்ந்த மதிப்பெண் பெற்றார்கள். ஆண், பெண் வேறுபாடு புள்ளியியல் அளவில் இல்லை. கீழ் வகுப்பினரைவிட மேல் வகுப்பினர் கூடுதல் ஆயத்தமாக இருந்தார்கள். கல்லூரியில் கழித்த ஆண்டுகளோடு ஆயத்தநிலையும் கூடுகிறது என்று இதை வாசிக்கலாம். அது வளரக்கூடியது என்பதற்கு இது முதல் தடயம்.

கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறைக்கு இணையவழிக் கல்வி எளிதாகக் கைவரும் என்ற பொது நம்பிக்கையை இந்த முடிவு அசைக்கிறது. ரீல்ஸ் பார்ப்பதற்கும் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதற்கும் தேவையான திறமைகள் வேறு. இரண்டு மணி நேரம் ஒரு தேற்றத்தோடு உட்கார்ந்திருக்கத் தேவையான திறமை வேறு. இரண்டுக்கும் ஒரே கருவி பயன்படுவதால் திறமையும் ஒன்றென நாம் நினைத்துவிடுகிறோம்.

ஈடுபாடு என்பது வருகைப்பதிவு அன்று

மாணவர் ஈடுபாடு பற்றிய ஆய்வுக்கு அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984இல் அடித்தளம் இட்டார். கல்வி அனுபவத்தில் மாணவர் செலுத்தும் உடல், மன ஆற்றலின் அளவே அவர் பெறும் பயனைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. 2004இல் ஃப்ரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூவர் ஈடுபாட்டை மூன்று இழைகளாகப் பிரித்தார்கள். வகுப்புக்கு வருதல், அசைன்மென்ட் முடித்தல் போன்றவை செயல்சார் ஈடுபாடு. பாடத்தின்மீதும் ஆசிரியர்மீதும் உள்ள ஆர்வமும் ஒட்டுறவும் உணர்வுசார் ஈடுபாடு. கடினமானதைப் புரிந்துகொள்ள மனத்தைச் செலுத்துவது அறிவுசார் ஈடுபாடு.

நேரடி வகுப்பில் அனுபவமுள்ள ஆசிரியர் இம்மூன்றையும் ஓரளவு முகத்தைப் பார்த்தே கணித்துவிடுவார். திரையில் மிஞ்சுவது முதல் இழையின் ஒரு பகுதி மட்டும். யார் உள்ளே நுழைந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை முறை சொடுக்கினார் என்பவை கணக்கில் விழும். கூகுள் மீட்டில் பெயர் தெரிந்தால் அட்டெண்டன்ஸ் போட்டுவிடலாம். அந்தப் பெயருக்குரியவர் அருகில் இருக்கிறாரா என்பது தெரியாது.

கேமராவை அணைத்து வைப்பதை ஈடுபாடின்மையின் அடையாளமாகக் கொள்வதும் பிழையான கணிப்பாகலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லியும் சர்வரியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவைத் திறக்காததற்கு மாணவர்கள் அதிகம் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னணியில் தெரியும் மனிதர்களும் இடமும் பற்றிய கவலை, இணைப்பின் வலுவின்மை ஆகியவையும் காரணங்களாக வந்தன. ஒரே அறையில் சமையலும் தொலைக்காட்சியும் தம்பியின் பள்ளி வகுப்பும் நடக்கும் வீட்டிலிருந்து கலந்துகொள்ளும் மாணவி கேமராவை அணைத்தால், அதை அவள் படிப்பின்மீதான அக்கறைக் குறைவாக எழுதி வைப்பது அநீதி.

இரண்டும் எங்கே இணைகின்றன

ஆயத்தநிலையின் ஐந்து கூறுகளும் ஈடுபாட்டின் மூன்று இழைகளோடு ஒரே விதமாக இணைவதில்லை. கருவியைக் கையாளும் நம்பிக்கை செயல்சார் ஈடுபாட்டின் நுழைவுத் தேவை. அது இல்லாவிட்டால் எதுவும் தொடங்காது. ஓர் அளவுக்கு மேல் அது கூடுவதால் படிப்பு ஆழமாவதும் இல்லை. கேட்கவும் பேசவும் உள்ள நம்பிக்கை உணர்வுசார் ஈடுபாட்டை வளர்க்கிறது. ஐயத்தைக் கேட்டு விடை பெற்றவருக்கு வகுப்பு தன்னுடையதாகிறது. திட்டமிடலும் கவனமும் அறிவுசார் ஈடுபாட்டின் அடிப்படை. தைவான் மாணவர்கள் பின்தங்கியிருந்தது இந்த மூன்றாவது இடத்தில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

திட்டமிடலும் கவனமும் இணையத்தில் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. நேரடிக் கல்லூரியில் மாணவரின் சுயகட்டுப்பாட்டில் பெரும்பகுதியை நிறுவனமே சுமக்கிறது. கால அட்டவணை, மணி, பக்கத்து இருக்கைத் தோழி, விடுதியில் தேர்வுக்கு முந்தைய இரவில் சேர்ந்து படிக்கும் கூட்டம், வராண்டாவில் எதிர்ப்படும் பேராசிரியர் என எல்லாமே மாணவரைப் படிப்பின் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இணையவழிப் பாடம் இந்தத் தாங்கல்களை எல்லாம் ஒரே நாளில் விலக்கிவிட்டு, அவற்றின் வேலை முழுவதையும் மாணவரிடம் ஒப்படைக்கிறது. அந்த வேலைக்கு அவர் பழக்கப்பட்டிருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

இதன் விளைவு எல்லோர்மீதும் சமமாக விழாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த ஏறத்தாழ 5 லட்சம் பாடப்பதிவுகளை டி சூவும் ஷானா ஜாகர்ஸும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். நேரடிப் பாடத்தோடு ஒப்பிட, இணையவழிப் பாடத்தில் எல்லா வகை மாணவர்களும் சற்றுப் பின்தங்கினார்கள். ஆண்கள், வயதில் இளையோர், கறுப்பின மாணவர்கள், முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றோர் ஆகியோர் இன்னும் கூடுதலாகப் பின்தங்கினார்கள். 2017இல் பெட்டிங்கரும் சக ஆய்வாளர்களும் பெரிய லாபநோக்குப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஒரே பாடத்திட்டமும் ஒரே பாடநூலும் இருந்தும், இணையத்தில் படித்தவர்களின் மதிப்பெண் அந்தப் பாடத்திலும் அடுத்தடுத்த பாடங்களிலும் குறைந்தது. படிப்பைத் தொடர்வதும் குறைந்தது. ஏற்கெனவே தடுமாறுவோரை இணையவழிக் கல்வி மேலும் தடுமாற வைக்கிறது என்பதே இவற்றின் சாரம். தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நினைக்கும் எவரும் இதைக் கடந்து செல்ல முடியாது.

சான்றின் வலிமையும் வரம்பும்

பெருந்தொற்றுக் காலத்தில் ஆயத்தநிலையையும் ஈடுபாட்டையும் இணைத்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. ஆயத்தநிலை கூடக் கூட ஈடுபாடும் கூடுகிறது என்பதே அவற்றில் பரவலாகக் காணப்படும் முடிவு. ஆனால் இவ்வகை ஆய்வுகளின் வழக்கமான முறையை உற்றுப்பார்க்க வேண்டும். ஒரே மாணவரிடம், ஒரே நாளில், ஒரே படிவத்தில் இரண்டையும் கேட்டுப் பெறுகிறார்கள். தன்னைப் பற்றி நல்லபடியாக எண்ணுபவர் இரண்டு பகுதியிலும் உயர்ந்த எண்ணைக் குறிப்பார். மேலும், ‘என் படிப்புக்கு இலக்கு வகுத்துக்கொள்கிறேன்’ என்ற கூற்று ஆயத்தநிலையிலும் வரும். அதையே சற்று மாற்றினால் அறிவுசார் ஈடுபாட்டிலும் வரும். இரண்டு அளவுகோல்களும் ஒரே பொருளை அளந்தால் அவை ஒத்துப்போவதில் வியப்பில்லை. காரணத்தின் திசையும் உறுதியாவதில்லை. நல்ல ஆசிரியரிடம் ஈடுபாட்டோடு படித்த அனுபவமே ஒருவரை அடுத்த பாடத்துக்கு ஆயத்தமாக்கியும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலைத் தாண்டிய ஆய்வுகளும் உண்டு. கிசில்செக், பெரெஸ்-சனகுஸ்தின், மால்தொனாடோ ஆகியோர் 2017இல் ஆறு திறந்தநிலை இணையப் பாடங்களில் 4,831 பேரின் படிப்புப் பழக்கங்களைக் கேட்டறிந்து, பின்னர் தளத்தில் பதிவான அவர்களுடைய உண்மையான நடத்தையோடு ஒப்பிட்டார்கள். இலக்கு வகுப்பவர்களும் திட்டமிடுபவர்களும் தாங்கள் எண்ணிய இலக்கை அதிகம் அடைந்தார்கள். தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்ளும் இந்தத் தன்னொழுங்கு மிக்கவர்கள் முன்பு படித்த பகுதிகளுக்கு, குறிப்பாகப் பயிற்சித் தேர்வுகளுக்கு, மீண்டும் திரும்பி வந்தார்கள். சொல்லில் வெளிப்பட்ட ஆயத்தநிலை செயலிலும் வெளிப்பட்டது. ஆகவே உறவு உண்மையானதே. அதன் மையம் தன்னொழுங்கு என்பதும் உறுதிப்படுகிறது.

வளர்க்க முடியுமா?

தன்னொழுங்கு இல்லாதவரிடம் அதை எப்படி உண்டாக்குவது? எளிதான வழிகள் போதாது என்பதை 2020இல் வெளிவந்த மாபெரும் சோதனை ஒன்று காட்டியது. ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின் ஏறத்தாழ 250 இணையப் பாடங்களில், இரண்டரை ஆண்டுகளில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாணவர்களிடம் சிறு தூண்டுதல்களைச் சோதித்தார்கள். பாடத்தின் தொடக்கத்தில் எப்போது, எங்கே படிக்கப்போகிறீர்கள் என்று எழுதச் சொல்வது அவற்றில் ஒன்று. அப்படித் திட்டம் எழுதியவர்களின் ஈடுபாடு முதல் சில வாரங்களில் கூடியது. பாடத்தை நிறைவு செய்வோர் எண்ணிக்கையை அது உயர்த்தவில்லை. ஒரு முறை சொல்லும் அறிவுரையால் பழக்கம் உருவாகாது. வாரந்தோறும் செய்ய வைப்பதால்தான் உருவாகும்.

வாரந்தோறும் செய்ய வைப்பது எப்படி என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் 30 அன்று நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு எழுதாதவரும் இதில் சேரலாம். அதற்குரிய வழி நான்கு வாரத் தகுதிச் சுற்று. விண்ணப்பித்தவர் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை ஆகிய பாடங்களின் முதல் நான்கு வாரக் காணொலிகளைப் பார்த்து, வாரந்தோறும் அசைன்மென்ட்களைக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும். அவற்றில் குறைந்தபட்சச் சராசரி பெற்றவரே நேரில் நடக்கும் தகுதித்தேர்வை எழுத முடியும். தவறியவர் மீண்டும் முயலலாம்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு, ஆயத்தநிலையை ஒரு படிவத்தில் கேட்காமல் செயலில் பார்ப்பது. நான்கு வாரம் கெடு தவறாமல் படிப்பது எப்படி இருக்கும் என்பது மாணவருக்கே தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தின் முதல் அடுக்கு அங்கேயே உருவாகிறது. வேலைக்குச் செல்பவர் எந்த நேரத்தில் படிக்க முடியும் என்று கண்டுகொள்கிறார். கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர் எங்கே உதவி தேவை என்று அறிகிறார். அளவிடுவதும் கற்பிப்பதும் ஒரே செயலில் நடக்கின்றன. என்றாலும், இது சேர விரும்பித் தேடி வருபவருக்கான வடிகட்டி. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இணையத்துக்கு மாற்றப்பட்ட கலைக்கல்லூரி மாணவிக்கு வடிகட்டி உதவாது. அந்த நான்கு வாரத்தின் உள்ளடக்கத்தை அவளுக்குத் துணையாக மாற்றித் தர வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நன்கு அறிமுகமான என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் இதே தருக்கத்தில் இயங்குகின்றன. பதிவுக்குக் கட்டணம் இல்லை. வார அசைன்மென்ட்களுக்கு 25 விழுக்காடும் நேரில் நடக்கும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பு. இரண்டிலும் தனித்தனிக் குறைந்தபட்சம் எட்ட வேண்டும். தேர்வுக்குப் பணம் கட்டுவது மாணவரின் முடிவை உறுதியாக்குகிறது. எம்.ஐ.டி., ஹார்வர்டு திறந்தநிலைப் பாடங்களைப் பற்றி ரீச்சும் ருயிபெரெஸ்-வாலியென்டேயும் 2019இல் வெளியிட்ட கணக்கு இதற்கு இணையானது. 2017–18இல் பதிவு செய்த எல்லோரிலும் 3.13 விழுக்காட்டினரே பாடத்தை முடித்தார்கள். பணம் செலுத்திச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். ஆனால் இந்த வேறுபாட்டைக் கட்டணத்தின் வெற்றியாகக் கொண்டால் தவறு. பணம் கட்ட வசதியும் முடிக்க உறுதியும் உள்ளவரே அந்தப் பிரிவுக்கு வருகிறார். ஏழை மாணவருக்கு அதே உறுதியைக் கட்டணமின்றி உண்டாக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

அளவுகோல் காணாதவை

நம் சூழலில் ஆயத்தநிலையைப் பற்றிப் பேசும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்தே ஆக வேண்டும். முதலாவது மொழி. தமிழ்வழியில் பள்ளி முடித்த மாணவர், வகுப்பில் பேராசிரியரிடம் தமிழில் கேட்டுவிடுவார். அவரே இணைய விவாதப் பகுதியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் ஒதுங்கிவிடுவார். தொடர்புகொள்ளும் நம்பிக்கை குறைவு என்று அளவுகோல் அவரைப் பற்றிச் சொல்லும். அவரிடம் குறைவது நம்பிக்கை அன்று. அவர் மொழிக்கு அங்கே இடம் இல்லாததே குறை. ஐயங்களைத் தமிழில் எழுதவும் குரல்பதிவாக அனுப்பவும் அனுமதித்தால், அதே மாணவரின் ஆயத்தநிலை உயர்ந்து தெரியும்.

இரண்டாவது நேரம். கவனச்சிதறலை மாணவரின் பழக்கமாக அளவுகோல்கள் கொள்கின்றன. வீட்டில் இருக்கும் பெண்ணிடம் வகுப்பு நேரத்தில் தண்ணீர் பிடிக்கவும் சமையலுக்கு உதவவும் சொல்லும் குடும்பத்தில், அவள் நேரம் அவள் கையில் இல்லை. ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால், இரவில்தான் படிக்க முடியும். திட்டமிடும் திறமை இருந்தும் திட்டமிட நேரம் இல்லாத இந்த நிலைக்கு, பதிவு செய்த பாடங்களும் நெகிழ்வான கெடுவும் மாலையில் திறந்திருக்கும் கல்லூரி நூலகமும்தான் விடை.

ஆசிரியரின் இருப்பு

2000ஆம் ஆண்டில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் இணையவழிக் கற்றல் வெற்றிபெற மூன்று இருப்புகள் தேவை என்றார்கள்: சிந்தனையின் இருப்பு, சக மனிதரின் இருப்பு, கற்பித்தலின் இருப்பு. அதற்கும் முன்பே, 1989இல், மைக்கேல் மூர் மாணவர் பாடத்தோடும் ஆசிரியரோடும் சக மாணவரோடும் கொள்ளும் மூவகை ஊடாட்டத்தைப் பிரித்துக் காட்டியிருந்தார். பாடத்தைக் காணொலியாக ஏற்றிவிட்டால் முதல் வகை மட்டுமே நடக்கும். மற்ற இரண்டுக்கும் ஆள் வேண்டும். 2020 மார்ச்சில் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும், திட்டமிட்டு உருவாக்கும் இணையவழிக் கல்வியையும் நெருக்கடியில் அவசரமாகச் செய்யும் தொலைக் கற்பித்தலையும் ஒன்றாக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். பெருந்தொற்றுக் கால அனுபவத்தை வைத்து நம் மாணவர்களை ஆயத்தமற்றவர்கள் என்று தீர்ப்பளித்தால், அந்த எச்சரிக்கையை மீறியவர்களாவோம். அன்று நிறுவனங்களும் ஆயத்தமாக இல்லை.

இன்று அந்த நெருக்கடி இல்லை. ஆனால் பொறுப்பு பெரிதாகியிருக்கிறது. ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடுவரை ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடமளித்தது. 2016இல் இது 20 விழுக்காடாக இருந்தது. கல்லூரிகள் இந்த வாய்ப்பை ஆசிரியர் பற்றாக்குறைக்கு மருந்தாகப் பயன்படுத்தினால், சுமை முழுவதும் மாணவரின் தன்னொழுங்கின்மீது விழும். அதில் முதலில் விழுவோர் யார் என்பதை வாஷிங்டன் மாநிலக் கணக்கே சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பாடத்தின் முதல் நான்கு வாரங்களைத் திட்டமிடலுக்கும் கெடுவுக்கும் உதவி கேட்பதற்குமான பயிற்சியாக வடிவமைக்கலாம். அதற்கு மதிப்பெண் தரலாம். இரண்டாம் வாரமே அசைன்மென்ட் வராத மாணவரை ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்கலாம். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களை அமைத்து, வாரம் ஒரு முறை கூடிப் பேச வைக்கலாம். காணொலிகளைச் சிறு பகுதிகளாக்கலாம். 69 லட்சம் காணொலி அமர்வுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, ஆறு நிமிடத்துக்குட்பட்ட காணொலிகளையே மாணவர்கள் அதிகம் பார்த்து முடிக்கிறார்கள் என்று காட்டியது. ஆயத்தநிலைக் கேள்வித்தாளைப் பருவத் தொடக்கத்தில் கொடுத்து, யாருக்கு எந்தத் துணை தேவை என்று அறியப் பயன்படுத்தலாம். யாரையும் விலக்கப் பயன்படுத்தக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மனித உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு ஊதியம் வேண்டும். டேட்டா அட்டைக்கு நிதி ஒதுக்க முடிந்த அரசுக்கும், கட்டணம் வாங்கும் கல்லூரிக்கும் இது முடியாத செலவன்று. மாணவரைப் பின்தொடர்ந்து அழைக்கும் உதவியாளரும், ஐயம் கேட்க ஓர் ஆசிரியரும், பழக்கம் உருவாக முதல் நான்கு வாரங்களும் இல்லாத எந்த இணையவழிப் பாடத்துக்கும் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் வழங்கக் கூடாது.